பாப்பாவுக்குப் பாரிஸில் எந்தப் பள்ளி?

கேள்வி: நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர், அந்த வழியில் இவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. ஒன்றரை வருடமாகப் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். எனக்கும் மகளுக்கும் 2026 ஜூலையில் பயணம். மகள் 2020 நவம்பரில் பிறந்தவள், இப்போது இங்கிலீஷ் மீடியத்தில் யூகேஜி. பிரெஞ்சில் ‘போன்ழூர்’ தவிர ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகள் சரியில்லை, தனியாரில் போடுங்கள் என்கிறார்கள் சிலர். நல்ல ஏரியாவில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாம் என்கிறார் கொழுந்தனார். மாமியாரோ, ‘ஒரு வருஷம் பாப்பா என்கிட்ட இருக்கட்டும், நீங்க போய் நிலைச்சதும் அழைச்சுக்கோங்க’ என்கிறார். மொழி தெரியாததால் ஒரு வகுப்பு கீழே தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இப்போதிருந்தே வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைத்தான் பொறுத்திருக்கிறது. பாப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜூலையில் கூடவே அழைத்துப் போங்கள்.

பிரான்சில் வகுப்பைப் பிறந்த வருடத்தை வைத்து முடிவு செய்கிறார்கள், மாதத்தைப் பார்ப்பதில்லை. 2020 ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் 2026 செப்டம்பரில் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். அந்த வகுப்புக்குப் பெயர் சேபே. நம் ஊர் ஒன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு அப்போது 6 வயது நிரம்பியிருக்காது, பரவாயில்லை, நவம்பர் டிசம்பர் பிள்ளைகள் எல்லோருக்கும் அங்கே அதே கதைதான். சேபேக்கு முன்னால் 3 வயதிலிருந்து மூன்று வருடம் மாத்தெர்னெல் என்ற மழலையர் பள்ளி உண்டு. பாட்டு, விளையாட்டு, கத்தரித்து ஒட்டுவது, எழுத்துகளை அடையாளம் காண்பது, தன் பெயரை எழுதுவது என்று அது போகும். எழுத்துக்கூட்டி வாசிக்க முறையாகச் சொல்லிக்கொடுப்பது சேபேயில்தான்.

இது உங்களுக்கு எவ்வளவு பெரிய சாதகம் என்று பாருங்கள். செப்டம்பரில் பாப்பா நுழையும் வகுப்பில், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் வாசிக்கத் தெரியாமல்தான் வந்திருப்பார்கள். பேச்சில் அவர்கள் முந்தி, எழுத்தில் எல்லோரும் ஒரே கோட்டில். இந்த வாய்ப்பு ஒரே ஒரு வருடம்தான். பாட்டியிடம் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் அவள் சேர வேண்டிய வகுப்பு அடுத்தது. அங்கே மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கும்போது இவள் பேச்சையும் எழுத்தையும் ஒன்றாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பேத்தியைப் பிரிகிற வருத்தம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. பாப்பாவின் படிப்பு இந்த வருடத்தில் எப்படி மாட்டியிருக்கிறது என்று விளக்கினால் அவருக்குப் புரியும். தினமும் ஒரு வீடியோ அழைப்பு என்று இப்போதே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

நானும் இந்த இடத்தில் தடுமாறியவள். 1996 நவம்பரில், கணவர் வேலைக்காக மகனோடு போய் இறங்கினேன். ‘வருஷ நடுவில் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள், செப்டம்பர் வரை பொறு’ என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நம்பினேன். குளிர்காலம் முழுவதும் பிள்ளை ஜன்னல் ஓரம் நின்று, கீழே பையோடு போகிற மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் வேறொருவர் சொல்லித்தான் விசாரித்தேன், மறு வாரமே சேர்த்துக்கொண்டார்கள். எந்த மாதம் போனாலும் இடம் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். 2019 முதல் 3 வயதிலிருந்து 16 வரை கல்வி கட்டாயம். ஒருவேளை உங்கள் பயணம் தள்ளிப்போய் நவம்பரிலோ பிப்ரவரியிலோ போய் இறங்கினாலும் ஒரு வாரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அடுத்தது, எந்தப் பள்ளி. அரசுப் பள்ளியில் இதை நாம் தேர்ந்தெடுப்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ, அதுதான் உங்கள் பள்ளி. அந்த எல்லையை வகுப்பதும் பிள்ளையின் பெயரைப் பதிவதும் மேரி. நம் கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி எழுப்பினார்களே, அந்த மேரி கட்டடத்தின் பெயர்தான் அங்கே ஒவ்வொரு ஊர் நகராட்சி அலுவலகத்துக்கும். பள்ளிக்கு நேரே போய் நிற்பதில் பயனில்லை. முதலில் மேரியில் பதிவு, அங்கே கொடுக்கும் சான்றோடு பிறகு பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சேர்க்கை. இந்த வரிசை மாறாது.

செப்டம்பருக்கான பதிவைப் பல ஊர்களில் வசந்த காலத்திலேயே தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்காரர் அங்கேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. ஒரு விடுமுறை நாளில் மேரியின் பள்ளிப் பிரிவுக்குப் போய், ‘என் மகள் ஜூலையில் வருகிறாள், முன்கூட்டியே பதியலாமா’ என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், நீங்கள் போய் இறங்கிய வாரமே பதியுங்கள். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பள்ளிகள் பூட்டியிருக்கும், மேரி திறந்திருக்கும். ‘ஆகஸ்ட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால் திறப்பு நாளன்று வரிசையில் நிற்க வேண்டிவரும்.

கேட்கும் காகிதங்கள் அதிகமில்லை. பெற்றோரின் அடையாளச் சான்று, பிள்ளையின் பிறப்புக்கு ஆதாரம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, தடுப்பூசி விவரம். பெற்றோரின் விசாவையோ குடியுரிமையையோ காரணம் காட்டிப் பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது. உங்கள் விஷயத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பாப்பாவின் பிறப்பை இங்கே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பதிந்து, லிவ்ரே என்ற குடும்பப் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறியாயிற்றா? ஏறியிருந்தால் அந்த லிவ்ரே ஒன்றே பிறப்புக்கு ஆதாரம், மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்லை. இல்லையென்றால் நகராட்சிப் பிறப்புச் சான்றிதழைப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாக் காகிதத்திலும் பாப்பாவின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். ஒன்றில் அப்பா பெயர் இனிஷியலாக, இன்னொன்றில் முழுதாக, தடுப்பூசி அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால் அங்கே ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்க வேண்டிவரும். திருத்துவதானால் புதுச்சேரியில் இருக்கும்போதே திருத்துங்கள்.

கொழுந்தனார் சொன்ன முகவரி யோசனை வேண்டாம். குடியில்லாத முகவரியைக் கொடுப்பது பொய் வாக்குமூலம். பிடிபட்டால் அவமானம், பிடிபடாவிட்டாலும் 6 வயதுப் பிள்ளை தினமும் ரயில் ஏறிப் பள்ளிக்குப் போக வேண்டும். சித்தப்பா வீட்டில் உண்மையாகவே தங்குகிறீர்கள் என்றால் அது முறையான முகவரிதான். ‘இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்’ என்று சித்தப்பா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டை நகலையும் கரண்ட் பில்லையும் சேர்த்துக் கொடுத்தால் போதும், மேரி ஏற்றுக்கொள்ளும். வேறு பள்ளிதான் வேண்டும் என்றால் அதே மேரியில் காரணம் காட்டி விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அக்கா அண்ணன் அங்கே படிப்பது, உடல்நலம் என்று. உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. அதைவிட, ஜூலைக்குள் தனி வீடு பார்த்துவிட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சித்தப்பா வீட்டு முகவரியில் சேர்த்து, டிசம்பரில் வேறு ஊருக்குக் குடிபோய், ஒரே வருடத்தில் இரண்டு பள்ளி, இரண்டு டீச்சர் என்றால் மொழி தெரியாத பிள்ளைக்கு அது பெரிய பாரம். வீடு பார்க்கும்போதே ‘இந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி’ என்று மேரியில் கேட்டுக்கொள்ளலாம்.

‘அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி சரியில்லை’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சைக் கேட்டு நம் குடும்பங்கள் வீணாகப் பயப்படுகின்றன. பாரிஸ் வடக்குப் புறநகரில் ஏழைக் குடும்பங்கள் அதிகம், பல நாட்டுப் பிள்ளைகள் கலந்து படிக்கிறார்கள், உண்மைதான். அதனாலேயே அங்கே பல பள்ளிகளை அரசு முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ரேப், ரேப் பிளஸ் என்று சொல்வார்கள். 2017-லிருந்து படிப்படியாக அந்தப் பள்ளிகளில் சேபே வகுப்புகளை இரண்டாகப் பிரித்து, ஒரு வகுப்புக்குச் சுமார் 12 பிள்ளைகள் என்று வைத்தார்கள். 12 பிள்ளைக்கு ஒரு டீச்சர்! நம் ஊரில் எவ்வளவு ஃபீஸ் கட்டினாலும் கிடைக்காத வசதி இது. பிரெஞ்சு தெரியாமல் வருகிற பிள்ளை அங்கே புதுமை இல்லை, அந்த டீச்சர்களுக்கு அது வருடா வருடம் பார்த்துப் பழகிய விஷயம். பணக்கார ஏரியாவில் இருபதுக்கும் மேற்பட்டோர் உள்ள வகுப்பில் உங்கள் மகள் ஒருத்திதான் மொழி தெரியாதவளாக இருக்கக்கூடும். உங்கள் தெருவுக்கு உரிய பள்ளி ரேப் பட்டியலில் இருந்தால், என் கணக்கில் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல சேதி.

தனியார் என்றால் அங்கே பெரும்பாலும் அரசோடு ஒப்பந்தம் செய்த கத்தோலிக்கப் பள்ளிகள். பாடத்திட்டம் அரசுடையது, ஆசிரியர் சம்பளமும் அரசுடையது, கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். ஆனால் இடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. புதிதாக வந்த பிள்ளைக்கு மொழி கற்பிக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில்தான்.

அந்த ஏற்பாடுதான் உங்கள் ‘ஒரு வகுப்பு கீழே’ பயத்துக்குப் பதில். பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளையை அலோஃபோன் என்பார்கள். வயதுக்கு உரிய வகுப்பில்தான் பெயர் இருக்கும். அங்கிருந்து தினமும் கொஞ்ச நேரம் தனி ஆசிரியரிடம் போய் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். தொடக்கப் பள்ளியில் வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் என்பது கல்வி அமைச்சகத்தின் 2012 சுற்றறிக்கை. பொதுவாக ஒரு வருடம் நடக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும் பிள்ளைக்கும் இது உண்டு, கேட்கத் தயங்காதீர்கள். எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு இருக்காது. சில இடங்களில் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டும், சில இடங்களில் ஆசிரியர் பள்ளி பள்ளியாக வருவார். மேரியில் பதியும்போதே ‘பிள்ளை அலோஃபோன்’ என்று சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசியை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் மகளைப்போல 2020-ல் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே 11 நோய்களுக்கான தடுப்பூசி கட்டாயம். நம் அரசுத் திட்ட அட்டையில் பெரும்பாலானவை இருக்கும். முக்கியமாக இரண்டில் இடிக்கும். நாம் போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும். அங்கே பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துக் கேட்பார்கள். இன்னொன்று மெனிங்கோகாக்கஸ், அது நம் அரசு அட்டவணையில் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள், தனியாரில் இரண்டுமே கிடைக்கும். விட்டுப்போனாலும் சேர்க்கை நின்றுவிடாது, தற்காலிகமாகச் சேர்த்து மூன்று மாதம் அவகாசம் கொடுப்பார்கள். ஆனால் போன புதிதில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தேடி அலைவதைவிட இங்கே முடித்துவிட்டுப் போவது நிம்மதி.

இப்போது தமிழ். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்களுக்கே தெரியாத மொழியில் நீங்கள் மகளோடு என்ன பேசுவீர்கள்? ‘வா, போ, சாப்பிடு’ என்பதோடு நின்றுவிடும். ‘ஏன் நிலா நம்ம கூடவே வருது’ என்று அவள் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்லுங்கள். கதை சொல்லுங்கள், சண்டை போட்டதை, பயந்ததை, கனவு கண்டதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு விஷயம் ஒரு மொழியில் மனதில் தெளிவாக இருந்தால், இன்னொரு மொழியில் அதற்குச் சொல் மட்டும் கிடைத்தால் போதும். சொல் கொடுக்கும் வேலையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

பயணத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றினால், இங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களும் ஒரு வகுப்பில் சேருங்கள். பாப்பாவுக்கு வீட்டில் மூன்றே மூன்று சொல்லிக்கொடுத்தால் போதும். ‘துவாலெத்’ என்றால் கழிப்பறை. ‘ழே மால்’ என்றால் வலிக்கிறது. ‘ழெ நெ கொம்ப்ரான் பா’ என்றால் எனக்குப் புரியவில்லை. முதல் மாதத்துக்கு இவை அவளைக் காப்பாற்றும்.

இங்கிலீஷ் எழுத்துகளை நன்றாகக் கற்றவள் என்பதால் ஒரு இடத்தில் குழம்புவாள். நாம் ‘ஜீ’ என்று சொல்லும் எழுத்துக்கு அங்கே ‘ழே’ என்று பெயர், ‘ஜே’ என்பதற்கு ‘ழி’. ஒன்றின் ஓசையை இன்னொன்று எடுத்துக்கொண்டதுபோல இருக்கும், பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். எண்களிலும் அப்படித்தான். நம் பிள்ளைகள் 1 என்பதை நேர்கோடாகப் போடுவார்கள். அங்கே மேலே நீளமாகச் சாய்த்து ஒரு கோடு இழுப்பார்கள், அது நம் 7 போலவே இருக்கும். அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு. என் மகன் கணக்கு நோட்டில் 11 என்று கரும்பலகையில் இருந்ததை 77 என்று எழுதிவந்து, கூட்டலில் எல்லாமே தப்பாகி அழுதான். டீச்சருக்கும் காரணம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. உங்கள் மகளுக்கு இரண்டு மாதிரியையும் இப்போதே ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு அவள் பல வாரம், சில மாதம்கூட, பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். மிரண்டுபோய்விடாதீர்கள், ‘என்ன பேசின, யாரோட பேசின’ என்று தினமும் குடையாதீர்கள். பிள்ளை கேட்டுச் சேர்த்து வைத்துக்கொள்ளும் காலம் அது. என் மகன் மார்ச்சில் சேர்ந்தான், ஜூன் வரை பள்ளியில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு சனிக்கிழமை குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. தண்ணீரைத் தட்டிக்கொண்டே எண்ணுகிறான். அறுபத்தொன்பது வரை வந்து, தடுக்காமல் ‘சுவாசாந்த் தீஸ்’ என்று தாண்டினான். பிரெஞ்சில் 70-க்குத் தனிச் சொல் கிடையாது, ‘அறுபது-பத்து’ என்பார்கள், 80 என்றால் ‘நான்கு-இருபது’. நம் தொண்ணூறிலும் நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிறகு அவனிடம் சொன்னேன். அன்று கதவுக்கு வெளியே நின்று நூறு வரை கேட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கான்டீன் உண்டு, அதற்கும் மேரியில்தான் பதிவு, கட்டணம் பல ஊர்களில் வருமானத்தைப் பொறுத்தது. வாரத்தில் ஒரு நாள் சைவச் சாப்பாடு போடுவது சட்டப்படி கட்டாயம். மற்ற நாள்களில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வந்தால் மாற்று உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி ஊட்டிவிட்டுச் சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் இன்றிலிருந்தே தானாகச் சாப்பிடப் பழக்குங்கள், ஸ்பூனும் முள்கரண்டியும் பிடித்து. கோட்டு ஜிப்பைத் தானே இழுத்துப் போடவும் தெரிய வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் முதல் சில வாரம் மதியம் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போடலாம், இடைவேளை குறைந்தது ஒன்றரை மணி நேரம். ஆனால் கான்டீனில்தான் பிள்ளைகள் வேகமாகப் பேசக் கற்கிறார்கள். தீபாவளிக்குள் அங்கே மாற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், நம் அம்மாக்கள் தவறாகப் புரிந்துகொள்பவை. தொடக்கப் பள்ளியில் எழுத்து ஹோம்வொர்க் கொடுக்கக் கூடாது என்பது 1956-லிருந்து அங்கே விதி. நோட்டு காலியாக வந்தால் ‘இந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கவே இல்லை’ என்று நினைக்காதீர்கள். வாசிக்க ஒரு பக்கம், மனப்பாடம் செய்ய ஒரு சின்னக் கவிதை, இப்படித்தான் வரும். இரண்டாவது, பையில் ஒரு தொடர்பு நோட்டு இருக்கும், காய்யே தெ லியேசொன் என்பார்கள். சுற்றுலா அனுமதி, டீச்சர் லீவு, கூட்டத்துக்கு அழைப்பு எல்லாம் அதில்தான் ஒட்டி வரும். தினமும் திறந்து பாருங்கள், போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படியுங்கள், படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களுக்குப் பிரெஞ்சு பேச வராவிட்டாலும், அந்தக் கையெழுத்து தவறாமல் வந்தால் டீச்சர் உங்களை அக்கறையுள்ள தாயாகத் தெரிந்துகொள்வார்.

நகை வேண்டாம், கம்மல் வளையல் எல்லாம் பாட்டியிடமே இருக்கட்டும். கழுத்தில் சின்ன முருகன் டாலர் சட்டைக்குள் இருந்தால் தடையில்லை. மதத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளங்களைத்தான் 2004 சட்டம் அரசுப் பள்ளியில் தடுக்கிறது.

இந்த வாரம் செய்யவேண்டியது இரண்டு. நீங்கள் தடுப்பூசி அட்டையோடு டாக்டரைப் பாருங்கள், வீட்டுக்காரர் மேரிக்குப் போய்வரட்டும். அங்கே என்ன சொன்னார்கள், எந்தப் பள்ளியின் பெயரைக் கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அலோஃபோன் பிரிவு பற்றித் தலைமை ஆசிரியருக்குக் கொடுக்க ஒரு சிறு கடிதத்தைப் பிரெஞ்சில் நான் எழுதித் தருகிறேன், முதல் நாள் நீங்கள் கையில் கொண்டுபோகலாம்.